பூவும் உப்பும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆண்டு விழாக் காலத்தில் வெளியிடும் தொகுப்பிற்கு 'மலர்' என்று பெயர் சூட்டுவது தமிழர் வழக்கம். பொங்கல் மலர், தீபாவளி மலர், வெள்ளி விழா மலர் என இப்பெயர் தமிழர் வாழும் இடமெல்லாம் வழங்குகின்றது. பல கைகள் கொய்து தந்த பூக்களை ஒரே நாரில் தொடுத்தாற்போலப் பலர் எழுதியவற்றை ஓரிடத்தில் சேர்க்கின்றோம்; ஆதலின் அப்பெயர் பொருந்துவதே. இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மெலியாகர் என்னும் கிரேக்கப் புலவர், புலவர் பலரின் சிறு பாடல்களைத் திரட்டி, அத்திரட்டிற்கு 'மாலை' என்று பெயரிட்டார். அதன் முகப்பில் ஒவ்வொரு புலவரையும் ஒவ்வொரு பூவோடோ செடியோடோ சார்த்திக் கூறினார். ஆங்கிலத்தில் தொகைநூலைக் குறிக்கும் 'ஆந்தாலஜி' என்னும் சொல்லும் கிரேக்கத்தில் 'பூக்கொய்தல்' என்னும் பொருளுடையதே.

பூவைக் குறித்துப் பிறந்த சொற்கள் பூவோடு நின்றுவிடுவதில்லை. அவை நூலுக்கும் நாணயத்திற்கும் மாவிற்கும் மருந்திற்கும் சுவருக்கும் சென்று பரவுகின்றன. அத்தகைய சொற்களுள் ஒன்றை எடுத்து, அதன் பிறப்பையும் பொருள்களையும் இம்மலரில் ஆராய முற்படுகின்றோம். அச்சொல் 'எஃப்ளோரசென்ஸ்'.

நம் குடியிருப்பு மாணவர் இச்சொல்லை இரண்டு இடங்களில் எதிர்கொள்ளுகின்றனர். வரலாற்று நூலில், ஒரு நாட்டின் கலையும் கல்வியும் ஒரு காலத்தில் ஒருங்கே சிறந்து விளங்கியதைக் குறிக்க இச்சொல் ஆளப்படுகின்றது. வேதியியல் நூலிலோ, பளிங்கு போன்ற உப்பு தன் நீரை இழந்து வெண்பொடியாய் உதிர்வதை இதே சொல் குறிக்கின்றது. வீடு கட்டியவர்க்கு மூன்றாவது பொருள் ஒன்றும் தெரியும்: மழைக்காலம் கழிந்து சுவர் உலரும்போது, பூச்சின்மேல் வெண்மையாய்ப் பொரிந்து நிற்கும் உப்பும் அதுவே. ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று வெறும் நிகழ்ச்சி, இன்னொன்று வீட்டுக்காரரின் கவலை. ஒரே சொல் இம்மூன்றையும் தாங்கி நிற்பது எங்ஙனம்?

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் 'ஃப்ளோஸ்' என்பது பூ. அது வேற்றுமை ஏற்கும்போது 'ஃப்ளோரிஸ்' ஆகும். இதினின்று 'ஃப்ளோரேரெ' என்னும் வினை பிறந்தது. பூத்திருத்தல் என்பது பொருள். அவ்வினையின் நடுவில் தொடக்கத்தைக் காட்டும் ஓர் இடைநிலையைச் சேர்த்தால் 'ஃப்ளோரெஸ்கெரெ' ஆகும். பூக்கத் தொடங்குதல் என்பது பொருள். அதன் முன்னே 'வெளியே' எனப் பொருள்படும் 'எக்ஸ்' என்னும் முன்னொட்டு சேர்ந்து, ஒலி திரிந்து, 'எஃப்ளோரெஸ்கெரெ' என்றாயிற்று. ஆகவே இச்சொல்லின் முழுப்பொருள், 'உள்ளிருந்து வெளிப்பட்டுப் பூக்கத் தொடங்குதல்' என்பதாகும். இதில் மூன்று கூறுகள் உள: பூ, தொடக்கம், வெளிப்பாடு. பிற்காலப் பொருள்கள் யாவும் இம்மூன்றனுள் ஒன்றையோ இரண்டையோ பற்றிக்கொண்டு வளர்ந்தவையே.

உரோமானியர் பூவிற்கு ஒரு தெய்வத்தையே கொண்டிருந்தனர். 'ஃப்ளோரா' என்னும் அத்தெய்வத்திற்கு ஏப்பிரல் மாத இறுதியில் விழா எடுத்தனர். ஒரு நாட்டின் செடிகொடிகளை எல்லாம் சேர்த்துத் தாவரவியலார் 'ஃப்ளோரா' என்பது அப்பெயரே. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரமும் பூவின் பெயரால் அமைந்தது. அந்நகரம் 1252-இல் வெளியிட்ட பொற்காசின் ஒரு புறத்தில் லில்லிப் பூவும் மறுபுறத்தில் ஒரு புனிதரின் உருவமும் இருந்தன. அக்காசு 'ஃப்ளோரின்' எனப்பட்டது. 'பூவா தலையா' என்று காசைச் சுண்டும் நம் சிறுவர், அறியாமலே ஃப்ளாரன்ஸ் நகரத்தாரின் காசையும் வருணித்துவிடுகின்றனர்!

பூத்திருத்தல் என்னும் வினை மிகப் பழங்காலத்திலேயே சிறந்து வாழ்தல் என்னும் பொருளையும் ஏற்றது. ஆங்கிலத்தின் 'ஃப்ளரிஷ்' என்னும் சொல் அவ்வழி வந்தது. வரலாற்றாசிரியர்க்கு மிகவும் பயன்படும் மற்றொரு சொல் 'ஃப்ளோருயிட்'. பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் செயலாற்றிய காலத்தை மட்டும் குறித்து, அதன் முன்னே இச்சொல்லின் சுருக்கத்தை இடுவர். 'இவர் பூத்திருந்த காலம்' என்பது அதன் நேர்ப்பொருள். சங்கப் புலவர் எவர்க்கும் பிறந்த நாள் நமக்குக் கிடைத்திலது. எனினும் அவர் பூத்திருந்தனர் என்பதற்குப் பாட்டே சான்றாய் நிற்கின்றது. ஒரு மனிதனின் வாழ்வில் கணக்கிடத்தக்கது அவன் பூத்த காலமே என்னும் கருத்து இச்சிறு சொல்லில் அடங்கியுள்ளது.

பூவிலிருந்து உப்பு

'எஃப்ளோரசென்ஸ்' பிரெஞ்சு மொழியின் வழியாக 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலத்திற்கு வந்தது. தாவர நூலார் அதனைச் செடி பூக்கும் பருவத்திற்கு ஆண்டனர். மருத்துவர் அதனை உடலின்மேல் தோன்றும் செந்தடிப்பிற்கும் கொப்புளத்திற்கும் ஆண்டனர். உள்ளே இருந்த நோய் தோலின்மேல் வெளிப்பட்டுப் பூத்தது என்பது அவர் கருத்து. அம்மைக் கொப்புளத்தை 'முத்து' என்று அழைத்த நம் முன்னோரையும் ஈண்டு நினைத்தல் தகும். கொடிய நோய்க்கு அழகிய பெயர் சூட்டுதல் மனித இயல்பு போலும்!

உப்பிற்கு இப்பெயர் சென்ற வழியை அறிய இரசவாதிகளிடம் செல்லுதல் வேண்டும். இடைக்கால ஐரோப்பாவின் இரசவாதிகள் கந்தகத்தைக் காய்ச்சி ஆவியாக்கிக் குளிரவைத்தபோது, கலத்தின் மேற்புறத்தில் மென்மையான மஞ்சள்தூள் படிந்தது. அதனைக் 'கந்தகப் பூ' என்றனர். துத்தநாகத்தை எரித்துப் பெற்ற வெண்தூளைத் 'துத்தநாகப் பூ' என்றனர். ஒரு பொருளின் மாசு நீங்கி மேலெழுந்த மெல்லிய சாரமே அதன் பூ எனக் கருதினர். கோதுமை மாவிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃப்ளவர்' என்னும் சொல்லும் இவ்வாறு வந்ததே. அரைத்துச் சலித்த கோதுமையின் மிக மெல்லிய பகுதி 'கோதுமையின் பூ' எனப்பட்டது. பூவும் மாவும் நெடுங்காலம் ஒரே சொல்லாய் இருந்து, 18-ஆம் நூற்றாண்டிலும் எழுத்தில் கலந்து வழங்கி, 19-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தால் முற்றிலும் பிரிந்தன. ஒலியில் இன்றும் பிரியவில்லை. தேங்காயைத் துருவித் 'தேங்காய்ப் பூ' என்னும் நம் இல்லத்தரசியர்க்கு இது வியப்பளிக்காது.

இனி, வேதியியலார் கூறும் பொருளைக் காண்போம். துணி வெளுக்கப் பயன்படும் சலவைச் சோடாவின் படிகம் ஒவ்வொன்றிலும், சோடாவின் ஒரு மூலக்கூற்றுக்குப் பத்து மூலக்கூறு நீர் பிணைந்துள்ளது. படிகத்தின் எடையில் ஏறக்குறைய 63 விழுக்காடு நீரே. கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் அப்படிகத்தை உலர்ந்த காற்றில் திறந்து வைத்தால், பத்தில் ஒன்பது பங்கு நீர் சிறிது சிறிதாய் வெளியேறிவிடும். படிகம் தன் ஒளியையும் வடிவையும் இழந்து வெண்பொடியாகிவிடும். அப்பொடி போர்த்த தோற்றத்தையே 'பூத்தல்' என்றனர். காற்றில் ஈரம் குறைந்திருப்பதே இதற்குக் காரணம். ஈரம் மிகுந்த நாளில் இது நிகழ்வதில்லை.

சுவரில் நிகழ்வது சற்று வேறானது. செங்கல்லிலும் சிமெண்டிலும் மணலிலும் சோடியம், மக்னீசியம், கால்சியம் முதலியவற்றின் உப்புகள் சிறிதளவு உள. நிலத்திலிருந்தோ, ஒழுகும் குழாயிலிருந்தோ, மழைச் சாரலிலிருந்தோ நீர் சுவரினுள் புகுந்தால் அவ்வுப்புகளைக் கரைத்துக்கொள்ளும். கல்லின் நுண்துளைகள் வழியே அந்நீர் மேற்பரப்பிற்கு ஏறிவரும். அங்கே காற்றுப் பட்டு நீர் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் தங்கிவிடும். ஆகவேதான் மழை பெய்யும்போது காணாத வெண்மையை, மழை ஓய்ந்து சுவர் உலரும் மாதங்களில் காண்கின்றோம். சில வேளை உப்பு மேற்பரப்பை எட்டாமல் துளைகளுக்குள்ளேயே படிகமாகிவிடுவதும் உண்டு. அப்போது அது உள்ளிருந்து நெருக்கிச் சுவர்ப்பூச்சைப் பொருபொருவெனப் பெயர்த்துவிடும். வெளியே பூத்த உப்பைவிட உள்ளே மறைந்த உப்பே சுவருக்குப் பெருங்கேடு. இதன்மேல் சுண்ணாம்பு அடிப்பதாலும் வண்ணம் பூசுவதாலும் பயனில்லை என்பதை வீடுடையார் அறிவர். உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்துவிட்டு, நீர் புகும் வழியைக் கண்டு அடைத்தலே தீர்வு.

தமிழில் பூத்தல்

இவ்வளவும் ஐரோப்பிய மொழிகளின் கதை. நம் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று வினவின், வியப்பான விடை கிடைக்கின்றது. நாமும் 'பூத்தல்' என்றே சொல்லிவந்துள்ளோம். சுவரில் உப்புப் பூத்தது என்கிறோம். பழைய ஊறுகாயில் பூஞ்சணம் பூத்தது என்கிறோம். கனல்மேல் சாம்பல் படிந்தால் 'நீறு பூத்த நெருப்பு' என்கிறோம். எதிர்பார்த்துக் காத்திருந்தவர்க்குக் கண் பூத்துப் போகின்றது. விழியில் வெண்படலம் தோன்றினால் பூ விழுந்தது என்கிறோம். இலத்தீனிடம் நாம் கடன் வாங்கவில்லை. நம்மிடம் இலத்தீனும் வாங்கவில்லை. இரு மொழியாரும் தனித்தனியே உலகைப் பார்த்து, மேற்பரப்பில் மென்மையாய் வெளிப்படுவது எதுவாயினும் அது பூவை ஒக்கும் என்று கண்டனர். மொழிகள் வேறாயினும் காணும் கண் ஒன்றே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

தமிழ் இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளது. உவர் நிலத்தில் கோடைக்காலத்தில் மண்ணின்மேல் தானே வெண்மையாய்ப் பொங்கி நிற்கும் காரமண்ணிற்குப் 'பூநீறு' என்று பெயர். பூத்த நீறு என்பது பொருள். உப்புப் பூத்தல் என்னும் நிகழ்ச்சி முழுவதையும் மூன்று எழுத்துகளில் அடக்கிய பெயர் இது. சித்த மருத்துவத்தில் 'முப்பு' என்னும் அரிய மருந்திற்கு வேண்டும் பொருள்களுள் பூநீறும் ஒன்றாகக் கூறப்படும். சலவைத் தொழிலாளர் சோப்பு வருமுன் இத்தகைய உவர்மண்ணைக் கொண்டே துணி வெளுத்தனர். தமிழில் 'சவுடு' என்னும் சொல்லும், இந்நாட்டுத் தெலுங்கில் 'சௌடு' என்னும் சொல்லும் உவர்மண்ணையே குறிக்கின்றன.

உப்புப் பூத்த நிலத்திற்கு நம் அரசியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. 1930 ஏப்பிரல் 13 அன்று இராஜாஜி தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, நடந்தே வேதாரண்யம் சென்று, ஏப்பிரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினார். கடல்நீர் ஏறி வெயிலில் வற்றிய சதுப்பு நிலத்தில் உப்பு தானே பூத்துக் கிடந்தது. எவரும் செய்யாமல் நிலமே தந்த அவ்வுப்பை அள்ளுவதும் அன்றைய சட்டப்படி குற்றமாய் இருந்தது. தரையில் பூத்ததை எடுத்தற்கும் அயலாட்சியின் இசைவு வேண்டுமோ என்னும் வினாவே அப்போராட்டத்தின் உயிர்நிலை. ஆகவே உப்பாய்ப் பூப்பதை இழிவென ஒதுக்கிவிடல் ஆகாது.

பூவின் பக்கத்திலும் நம் மொழியின் வளம் பெரிது. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர் உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்பட்டுள்ளன. ஆண்டில் ஒரு போகம் விளையும் நிலம் ஒருபூ நிலம். இரு போகம் விளைவது இருபூ நிலம். இவற்றுள் 'அலர்' என்னும் சொல் நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. விரிந்த பூவும் அலர். ஊரார் வாய்திறந்து பேசும் பழிச்சொல்லும் அலர். தலைவன் தலைவியரின் காதல் உள்ளடங்கி இருந்தவரை அரும்பு. ஊர் அறிந்தபின் அலர். அகத்தே இருந்தது புறத்தே வெளிப்படுதல் என்னும் அதே கருத்து இங்கும் நின்று பொருள் தருகின்றது. கலையும் மொழியும் மீண்டும் தழைத்தலை 'மறுமலர்ச்சி' என்று இந்நூற்றாண்டிற்கு முன்னைய நூற்றாண்டில் வழங்கத் தொடங்கினோம். வரலாற்று நூலின் 'எஃப்ளோரசென்ஸ்' அதன் அண்டை வீட்டுச் சொல்லே.

உறவில்லாத உறவு

நிற்க. ஒலியால் உறவுபோல் தோன்றி, உண்மையில் உறவில்லாத சொல் ஒன்றையும் பிரித்துக் காட்டுதல் நம் கடன். நம் வீடுகளில் நெடுங்காலம் எரிந்த குழல்விளக்கினை 'ஃபுளோரசென்ட்' விளக்கு என்போம். இதற்கும் பூவிற்கும் தொடர்பில்லை. இலத்தீனில் 'ஃப்ளுவெரெ' என்றால் பாய்தல், ஒழுகுதல். உலோகத்தை உருக்கும்போது எளிதில் ஒழுகச் செய்யும் கனிமம் ஒன்று அதனால் 'ஃபுளோர்ஸ்பார்' எனப்பட்டது. ஒளியை ஏற்று வேறு நிறத்தில் உமிழும் இயல்பை அக்கனிமத்தில் கண்ட ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர், 1852-இல் அவ்வியல்புக்கு அக்கனிமத்தின் பெயரையே இட்டார். நம் நகருக்குத் தென்கிழக்கே நல்கொண்டா மாவட்டத்தின் நிலத்தடி நீரில் மிகுந்து, எலும்பையும் பல்லையும் கெடுத்துவந்த 'ஃபுளோரைடு' என்னும் சொல்லும் ஒழுகலிலிருந்து வந்ததே, பூவிலிருந்து வந்ததன்று. அந்நீரைப் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தூய்மை செய்யும் முறை ஒன்று 'நல்கொண்டா முறை' என்றே பெயர் பெற்றது. சொல்லின் ஒலியை மட்டும் கொண்டு உறவு கூறுவோர் வழுக்கி விழும் இடம் இது.

பூத்தல் எல்லாம் நலமும் அன்று. 1562-ஆம் ஆண்டளவில் இப்ராகிம் குலி குதுப் ஷாவின் காலத்தில் வெட்டப்பட்ட உசேன் சாகர் ஏரி, சில காலங்களில் பச்சை வண்ணம் பூசினாற்போல் தோன்றுவதை நாம் கண்டிருக்கின்றோம். இதனையும் ஆங்கிலத்தார் பூத்தல் என்றே கூறுவர். கழிவுநீரின் வழியே ஏரிக்கு வந்து சேரும் சத்துப்பொருள்களை உண்டு பாசி அளவிறந்து பெருகுகின்றது. பின்னர் அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன் மடிகின்றது. கண்ணுக்குப் பசுமை, நீருக்கோ கேடு.

இதற்கு நேர்மாறான காட்சியையும் இந்நாடே நமக்குத் தருகின்றது. மழைக்காலத்தின் இறுதியில் தெலங்காணாப் பெண்டிர் பூக்களைக் கோபுரமாய் அடுக்கி, வலம் வந்து பாடி, நீர்நிலையில் விடும் பதுக்கம்மா விழாவை நாம் அறிவோம். 2014-இல் தெலங்காணா தனி மாநிலமானபின் அது மாநில விழாவாயிற்று. அப்பூவடுக்கில் தலைமை பெறும் 'தங்கேடு' மாநிலத்தின் மலராகவும் ஏற்கப்பட்டது. தங்கேடு எது? நம் ஆவாரம்பூவே அது! தைப் பொங்கலின்போது காப்புக் கட்ட நம் ஊர்களில் தேடிக் கொய்யும் அதே மஞ்சட்பூ. வறண்ட நிலத்திலும் கல்லாங்காட்டிலும் வேரூன்றிப் பூத்து, காய்த்து, விதை சிந்தி, மறு ஆண்டும் பூப்பது ஆவாரை. இரு மொழியாரும் ஒரு செடியைப் போற்றுகின்றோம் என்பதை நம் இளைஞர் அறிதல் நன்று.

பூவும் உப்பும் வேறுபடும் இடம்

இப்போது முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். செடியிலும் சுவரிலும் நிகழ்வது ஒருவகையில் ஒன்றே. இரண்டிலும் நீர் அடியிலிருந்து மேலே ஏறுகின்றது. இரண்டிலும் உள்ளிருந்த ஒன்று வெளியே தோன்றுகின்றது. தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் வெண்மையாய் அழகாகவே இருக்கும். ஆனால் செடியில் ஏறும் நீரை உயிருள்ள வேர் தேர்ந்து எடுக்கின்றது. சுவரில் நீர் கட்டுப்பாடின்றிக் கசிகின்றது. செடி பூத்தபின் காயும் விதையும் வருகின்றன. உப்புப் பூத்தபின் எதுவும் வருவதில்லை. நீர் வற்றியதன் அடையாளமே அது. பூவையும் உப்பையும் பிரித்தறிய நிறத்தைப் பார்த்தல் போதாது; அடுத்து என்ன வருகின்றது என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வேறுபாடு நம்மைப் போன்ற குடியேறிய மக்களுக்கு மிகவும் பொருந்தும். நாம் வாழும் ஹப்சிகுடாவின் பெயரே குடியேறியவரை நினைவூட்டுவது. 'ஹப்ஷி' என்பது அபிசீனியாவிலிருந்து தக்காணத்திற்கு வந்த ஆப்பிரிக்க மக்களைக் குறிக்கும் சொல். 'கூடா' என்பது குடியிருப்பு. நம் செவிக்கு அது 'கூடு' என்றே ஒலிக்கின்றது. அவர்கள் பெயர் ஊரில் நிற்கின்றது. அவர்கள் பேசி வந்த மொழி இங்கே கேட்கப்படுவதில்லை. இதனை நாம் ஒரு கணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

தமிழர் இப்பக்கம் வந்ததும் நெடுங்கதையே. 1806-இல் செகந்தராபாத் அமைந்தபின் சென்னைப் படையோடும், பிறகு இருப்புப்பாதையோடும் பலர் வந்தனர். நம் பகுதிக்கோ ஆராய்ச்சிக் கூடங்கள் அழைத்து வந்தன. 1944-இல் ஐதராபாத் அரசின் ஆய்வுக்கூடமாய்த் தொடங்கி, 1956-இல் வட்டார ஆராய்ச்சிக் கூடமாகி, 1989-இல் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர் பெற்ற நிறுவனம் தார்நாகாவில் உள்ளது. 1961-இல் தேசியப் புவியியற்பியல் ஆராய்ச்சிக் கழகமும், 1977-இல் உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையமும் தோன்றி, உப்பல் சாலையில் நிலைபெற்றன. படித்துப் பணிக்கு வந்தோர் பலர் இங்கேயே வீடு கட்டினர். பிள்ளைகளையும் பேரர்களையும் கண்டனர்.

அப்பேரர்களைப் பற்றியே நம் கவலை. ஆண்டு விழா மேடையில் அவர்கள் தமிழ்ப் பாட்டுப் பாடுகின்றனர். கேட்கும் நமக்கு உள்ளம் குளிர்கின்றது. பாடும் குழந்தையின் கையிலுள்ள தாளைப் பார்த்தால், பாட்டு ஆங்கில எழுத்திலோ தெலுங்கு எழுத்திலோ எழுதப்பட்டிருக்கின்றது. வீட்டில் தமிழ் பேசுகின்றனர்; படிக்க அறியார். இம்மலரைக் கையில் கொடுத்தால் படங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகின்றனர். குழந்தைகளைக் குறை கூறுவதற்கில்லை. பள்ளியில் ஆங்கிலம், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளைச் சுமக்கின்றனர். தெலுங்கு கற்றல் நம் கடமையும் ஆகும். இம்மண்ணின் மொழி அது. நம் மொழிக்கு உடன்பிறப்பும் அது. எனினும் நம் தமிழ் இங்கே பூவாய்ப் பூத்துள்ளதா, உப்பாய்ப் பூத்துள்ளதா என்று நம்மை நாமே வினவிக்கொள்ளுதல் வேண்டும். ஆண்டிற்கு ஒருநாள் மேடையில் வெளிப்பட்டு, மறுநாள் துடைத்தால் போய்விடுமானால், அது முன்னோர் சேர்த்து வைத்த உப்பு நீர் வற்றி மேலே தெரிவதே ஆகும். விழாவை இன்னும் பெரிதாக்குவதும் ஒப்பனையை மிகுதியாக்குவதும் உப்புப் பூத்த சுவர்மேல் வண்ணம் அடிப்பதை ஒக்கும்.

செய்ய வேண்டுவது பெரிதன்று. தமிழ் நெடுங்கணக்கில் உயிரும் மெய்யும் ஆய்தமும் கூடி 31 எழுத்துகளே. அவற்றின் கூட்டு முறையை அறிந்தால் உயிர்மெய் 216-உம் கைவசமாகும். பேசத் தெரிந்த குழந்தைக்கு எழுத்தறிதல் பெருஞ்சுமை ஆகாது. நாளொன்றுக்கு ஓர் எழுத்தெனப் பாட்டி பேரனுக்குக் காட்டினால், ஓராண்டிற்குள் நெடுங்கணக்கு முடிந்து மாதங்கள் எஞ்சும். விழாப் பாட்டைத் தமிழ் எழுத்திலேயே எழுதித் தருவோம். சேர்த்துப் படிக்கக் கற்பிப்போம். ஊரிலுள்ள தாத்தாவிற்கு ஆண்டில் ஒரு கடிதமேனும் குழந்தையின் கையால் எழுதச் செய்வோம். வேரில் நீர் ஊற்றுதல் என்பது இவ்வளவே. மலர் தானே வரும், விதையும் வரும்.

உள்ளிருந்து வெளிப்பட்டுப் பூக்கத் தொடங்குதல் என்பது நாம் ஆராய்ந்த சொல்லின் பொருள் என்று முன்னர்க் கூறினோம். தொடக்கம் என்னும் கூறு அதில் உள்ளதை மறவாதிருப்போம். எதிர்வரும் ஆண்டின் மலரில், இக்குடியிருப்பிற் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருவர் தம் கையால் தமிழில் எழுதிய ஒரு பக்கமேனும் இடம்பெறுமாக. அன்று இத்தொகுப்பு மலர் என்னும் பெயருக்கு முற்றும் உரியதாகும். தமிழ் தழைக்க! ஒற்றுமை ஓங்குக!